நீலக் கார் பிரேக் பிடித்த வளைவு

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை. காலையில் எழுந்து வாசல் தெளித்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தேன், அளவாகவே இருந்தது. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, சங்கரா வாங்கினேன். வரும் வழியில் அம்மாவுக்கு முல்லையும் அப்பாவுக்கு ரொட்டியும். சனிக்கிழமை என்பதால் ஷெட்டைத் திறந்து நீலக் காரை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டு அணைத்தேன். இதுவரைக்கும் எல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடப்பவைதான்.

வழக்கத்தில் இல்லாதது ஒன்றுதான். மதியக் காட்சிக்கு அப்பாவைச் சினிமாவுக்கு அழைத்துப் போகவேண்டும். அதை நினைத்து முந்தைய இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவேண்டியதில்லை. பெற்றவர்கள் நம் கையைப் பிடித்து ரோடு கடந்த காலம் போய், நாம் அவர்கள் கையைப் பிடித்துக் கடக்கிறோம். அவர்கள் மனம் நோகாமல் இருக்கவேண்டுமே என்று நாம் படும் பதைப்பு, நம் பிள்ளைகளுக்காகப் பட்டதைவிட அதிகம்.

படம் பழைய கார் பந்தயங்களைப் பற்றியது. நாம் சிறுவர்களாக இருந்தபோது, மெட்ராஸுக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள். கதாநாயகன் அந்த நாளைய சாம்பியன். அவர் முதல்முதலாக ஜெயித்த பந்தயம்தான் படத்தின் நடுப்பகுதி என்று விளம்பரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பந்தயத்தில் கடைசிச் சுற்றுவரை முன்னால் போய்க்கொண்டிருந்தது எங்கள் நீலக் கார். ஓட்டியவர் என் அப்பா. கடைசி வளைவில் அவர் பிரேக் பிடித்தார். சாம்பியன் முந்திப்போனார்.

அன்றிலிருந்து கார்க்காரர்கள் மத்தியில் அப்பாவுக்கு 'பிரேக்கு' என்று பெயர்.

எங்கள் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு கடற்கரைச் சாலையில் கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருப்போம். படத்தின் விளம்பரம் வந்த நாளிலிருந்து அங்கே வேறு பேச்சே இல்லை. சங்கச் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குழந்தை மாதிரி குதித்தார்.

"நம்ம ஜனங்களுக்கு நம்ம பந்தயத்த யாரு இதுவரிக்கும் காட்டுனாங்க? வரட்டும்யா. பாத்துட்டு நாலு பசங்க பழைய கார தொட்டுப் பாப்பானுங்க."

தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர் மட்டும் போனில் விளம்பரத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் தொட்டுப் பாக்குறது? சைடு கண்ணாடி புதுசு. டயரு புதுசு. ஒரே ஸ்ட்ரெயிட்டுல அவரு எத்தன கியரு போடறாரு பாருங்க, பஸ்ஸுல கூட அவ்ளோ கியரு கெடயாது. சத்தம் வேற காரோடது. இதுக்குப் பேரு சரித்திரமா?"

"யோவ், நீ கல்யாண வீட்டுக்குப் போனா சாம்பார்ல கல்லு தேடுற ஆளு."

"இருந்தா தேடுவேன் சார்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் ஒரு இடத்தில் படத்தை நிறுத்தி என்னிடம் காட்டினார். "அக்கா, இது உங்க கார்தானே? ஆனா ஸ்டியரிங்கு பாருங்க."

நீலச் சாயம் அடித்த ஏதோ ஒரு கார். அதன் ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது. எங்கள் காருக்கு இடது பக்கம். அதற்கு அடுத்த காட்சியில் கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்கிறார்: "அவன் பிரேக் பிடிப்பான். எனக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. செயலாளர் பானெட்டை மெதுவாக மூடினார். அவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். என் முன்னால் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்ததே பெரியப்பாவால். அப்பாவின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. வரும்போது கப்பலில் அந்தக் காரையும் கொண்டுவந்தார். ஸ்டியரிங்கை 'வொலான்' என்றுதான் சொல்வார். அவர் தெருவில் ஓட்டிப்போனால், ஓட்டுநர் இல்லாத கார் போகிறது என்று வலது பக்கம் பார்த்த சைக்கிள்காரர்கள் திகைப்பார்கள். கொஞ்ச காலத்தில் அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். "எனக்கு ஓட்டத்தான் தெரியும், உனக்கு அதுங்கூடப் பேசத் தெரியுது" என்று சொன்னதாக அம்மா சொல்வாள்.

பந்தயம் நடந்த அந்த மாசி மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீடே ஒரு பட்டறையாகிவிட்டது. எடையைக் குறைக்க அப்பா காரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சாம்பல் கிண்ணம், கதவின் உள்பக்கத் துணி, வைப்பர், ஸ்டெப்னி. கடைசியில் பின் சீட்டையே கழற்றிக் கூடத்துச் சுவரோரம் போட்டார். அது எங்கள் சோபா ஆனது. அதில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். பச்சைத் தோல் உறை, உள்ளே ஸ்பிரிங், வெயில் நேரத்தில் பெட்ரோலும் பழைய மழையும் கலந்த வாசனை. தையல் விட்ட இடத்தில் விரலை விட்டால் குதிரைமுடி போல ஏதோ குத்தும். அந்தச் சீட்டு திரும்பக் காருக்குள் போகவே இல்லை. நாங்கள் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது. இப்போது காரில் இருப்பது வேறு சீட்டு.

மாலையில் அப்பா எஞ்சினை ஓடவிட்டு ஒரு நீண்ட திருப்புளியின் நுனியை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோல. என் காதிலும் வைப்பார். "கேக்குதா பாப்பா? டிக் டிக்னு ஒண்ணு கேக்குதுல்ல, அது கேக்கக் கூடாது." எனக்கு எல்லாமே டிக் டிக் என்றுதான் கேட்டது.

அம்மாவின் வயிற்றில் அப்போது என் தம்பி. அவள் பயந்தாள். ஆனால் வாய்விட்டுச் சொன்னது பந்தய நாள் காலையில் மட்டும்தான். ஓடுதளத்தில், அப்பா காருக்குள் உட்கார்ந்து தலைக்கவசத்தின் வாரை இழுத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து, ஒரு கை வயிற்றின்மேல், "எனக்காக ஒரு தடவ பாத்துப் போங்க" என்றாள். அப்பா தலையை ஆட்டினார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த மரப்படிகள் நேர்ப்பாதையின் வலது பக்கம் இருந்தன. பாதை எங்களைத் தாண்டி, தூரத்தில் வலப்புறம் திரும்பியது. திருப்பத்தின் உள்பக்கம் தார் டிரம்கள், இடையிடையே வைக்கோல் கட்டுகள். வெயில், ரப்பர் கருகும் நாற்றம், யாரோ தின்ற வேர்க்கடலையின் தோல் காற்றில் பறந்து வந்து என் மடியில் விழுந்தது. பெரியப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றே பார்த்தார். கடைசிச் சுற்றில் நீலக் கார் எங்களைத் தாண்டியபோது சாம்பியனின் சிவப்புக் கார் நன்றாகப் பின்தங்கியிருந்தது. பெரியப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அந்த உயரத்திலிருந்து நான் பார்த்தது டிரம் வரிசையின் முதுகையும், அதை நெருங்கிய நீலக் காரையும், அதன் பின்னால் சட்டென்று எரிந்த இரண்டு சிவப்பு விளக்குகளையும்தான்.

சிவப்புக் கார் வெளிப்பக்கமாக முந்திப்போனது. பெரியப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அப்பா திரும்பி வந்தபோது சிலர் தோளில் தட்டினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பெரியப்பா மட்டும் பக்கத்தில் வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "கார குடுத்தேன். தைரியத்த எங்கேந்துடா குடுக்கறது?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். அதன்பிறகு அண்ணனும் தம்பியும் விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். பெரியப்பா இறந்தபோது அப்பா கடைசிவரை நின்று எல்லாம் செய்தார். அழவில்லை. அம்மாவோ அந்த நாளுக்குப் பிறகு காரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. பணம் போனாலும், பின் சீட்டு கூடத்தை அடைத்தாலும் வாய் திறக்கமாட்டாள். "எனக்காக ஜெயிக்கிறத விட்டவரு" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நானும் அப்படித்தான் நம்பினேன். பயமோ, பாசமோ, இரண்டில் ஒன்று. இரண்டில் எதுவாக இருந்தாலும் கேட்டால் அவருக்கு வலிக்கும் என்று கேட்காமலே இருந்தேன்.

இப்போது அதையே திரையில் பெரிதாகக் காட்டப்போகிறார்கள்.

படம் எடுத்தவர்களிடமிருந்து ஒரு இளைஞர் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காரைப் படம் எடுத்துக்கொண்டார். அப்பா அவருக்குக் கார்புரேட்டரைப் பற்றியும் டயர்க் காற்றைப் பற்றியும் விடாமல் சொன்னார். அவர் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "அந்தக் கடைசி வளைவக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். "கதைக்குத் தேவைப்பட்டா காட்டுவோம் மேடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னோடு தங்கிவிட்டது.

அப்பாவைத் தடுக்கப் பார்த்தேன். தியேட்டரில் குளிர் அதிகம், படிகள் அதிகம், கொஞ்ச நாளில் வீட்டிலேயே பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் சலவைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டு, "எஞ்சின் சத்தத்த வீட்டு டிவியில கேக்கச் சொல்றியா?" என்றார்.

சங்கத்தினர் ஒரு வரிசை முழுவதும் எடுத்திருந்தார்கள். அப்பா நடுவில், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். லேத்துக்காரர் என் அருகில். படம் தொடங்கியதிலிருந்து அவர் வாய்க்குள் கணக்கு வைத்துக்கொண்டே வந்தார். "அந்தக் காலத்துல அந்த வாட்ச்சு கெடயாது." செயலாளர் எட்டி அவர் தொடையில் கிள்ளினார். நான் எதையும் ரசிக்கவில்லை. என் கையை நாற்காலியின் கைப்பிடியில், அப்பாவின் கைக்கு அருகில், தொடாமல் வைத்திருந்தேன்.

அந்தப் பந்தயம் வந்தது. சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. நீலக் காரை ஓட்டிய நடிகரின் நெற்றியில் வியர்வை. கண்கள் அகலத் திறந்தன. பெடலின்மேல் அவர் கால் நடுங்குவதைத் திரை முழுவதும் காட்டினார்கள். பிரேக். கதாநாயகன் முந்துகிறார். பின் வரிசைகளில் விசில். யாரோ, "போய் ரிக்‌ஷா ஓட்டுடா" என்று கத்தினார்கள். தியேட்டர் சிரித்தது.

அப்பாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"பாப்பா, வைக்கோல் பொறுக்கின பொம்பள எங்க? அவள ஏன் காட்டல?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பொம்பளப்பா?"

"என்னா எந்தப் பொம்பள? வளைவுல டிரம்முக்கு இந்தாண்ட குனிஞ்சி வைக்கோல் பொறுக்கிக்கிட்டு இருந்தாளே. அவளுக்காகத்தான பிரேக் பிடிச்சேன்?"

இடைவேளை விளக்கு எரிந்தது. நாங்கள் யாரும் பாப்கார்ன் வாங்க எழுந்திருக்கவில்லை. அப்பாவைச் சுற்றி நின்றோம். அவர் சாதாரணமாக, தெரிந்த கதையைத் திரும்பச் சொல்வதுபோலச் சொன்னார். முந்தைய சுற்றில் ஏதோ கார் ஒரு வைக்கோல் கட்டில் மோதிச் சிதறடித்திருந்தது. பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி, மாட்டுக்கு ஆகும் என்று, டிரம்களுக்கு நடுவே நுழைந்து பாதை ஓரத்தில் அதை வாரிக்கொண்டிருந்தாள். உள்பக்கமாக வளைந்திருந்தால் அவள் மேல்தான் ஏறியிருக்கும்.

"நான் தாண்டுறதுக்குள்ள கட்டத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு உள்ள போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல" என்று சிரித்தார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எனக்காக இல்லியா?"

"உனக்காகவா? என்னாத்துக்கு?"

"காலையில சொன்னேனே. பாத்துப் போங்கன்னு. தலைய ஆட்டுனீங்களே."

"அந்த எஞ்சின் சத்தத்துல நீ பேசுனதே காதுல விழல. சாப்ட்டீங்களான்னு கேக்குறன்னு நெனச்சேன்."

"அடப்பாவி மனுஷா" என்றாள் அம்மா. "பாவமேன்னு அந்தப் பின் சீட்ட எத்தினி வருஷம் கூடத்துல வச்சிப் பெருக்குனேன்!"

செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டார். லேத்துக்காரர் சிரிக்கவில்லை. கையைக் காற்றில் வளைத்து வளைத்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மெஸ்யே, இத ஏன் இத்தன நாளா நீங்க யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டார். 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் அந்தச் சொல்லால்தான் அப்பாவை எப்போதும் கூப்பிடுவார்.

"சொல்றதுக்கு என்னா இருக்கு? எல்லாருந்தான் பாத்தாங்களே."

"யாரும் பாத்திருக்க முடியாது மெஸ்யே. அது ரைட்டு வளைவு. உங்களுது லெஃப்ட் ஸ்டியரிங்கு. நீங்க வெளிப்பக்கமா உக்காந்திருந்தீங்க, அதனால டிரம்மத் தாண்டி உங்களுக்குத் தெரிஞ்சிது. மத்தவன் எல்லாம் ரைட்டுல உக்காந்தவன். அவனுக்கு டிரம்முதான் தெரியும். ஸ்டாண்டுலேந்து பாத்தாலும் டிரம்மோட முதுகுதான் தெரியும்."

அப்பாவின் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. நான் இத்தனை நாளாக எதற்குப் பயந்தேனோ அது அப்போதுதான் வந்தது. நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை.

"அப்ப அண்ணனுக்கு?"

லேத்துக்காரர் காற்றில் வளைத்த கையைக் கீழே இறக்கினார்.

"அண்ணன் பாத்துட்டுத்தான் அப்பிடி சொன்னாருன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. "சண்டை பாத்த ஆளு. ஒரு பொம்பள குறுக்க இருந்தாலும் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கணும்னு சொல்றாரு, அவருக்கு உயிருன்னா அவ்ளோதான்னு நெனச்சேன். அதான் அவருகிட்ட அப்பறம் எனக்குப் பேச்சே வரல."

பெரியப்பாவை எனக்கு நினைவு வந்தது. தோளில் என்னை ஏற்றிக்கொண்டவர். கடைசிக் காலத்தில் எங்கள் தெரு வழியாக நடந்துபோவார், ஷெட்டின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார், உள்ளே வரமாட்டார். தம்பி கோழை என்று அவர் நம்பினார். அண்ணன் இரக்கமில்லாதவர் என்று தம்பி நம்பினார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு கதையை நம்பிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் பாதியை அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெளியே வந்ததும் செயலாளர் தயங்கித் தயங்கி, படக்காரர்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். "அவங்க மேல என்னா தப்பு? ரைட் ஸ்டியரிங்குல எடுத்தாங்க. அவங்களுக்கு டிரம்முதான் தெரியும்." ஆட்டோவில் ஏறிய பிறகு அம்மாதான் பேசினாள். "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா எனக்குக் காட்டணும்."

மறுநாள் ஞாயிறு. காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்தது அப்பாவின் சர்க்கரையைப் பார்த்தது அல்ல. அவர் எனக்கு முன்பே எழுந்து ஷெட்டைத் திறந்துவிட்டிருந்தார். காரை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டுவர உதவினேன். அதன் வலப்புறம், முன்னால் வளைந்து போகும்படி, தண்ணீர் டிரம்மையும் காலி கேஸ் சிலிண்டரையும் அரிசி பீப்பாயையும் அவர் சொன்ன இடங்களில் வைத்தேன். அம்மா கையில் தென்னந்துடைப்பத்தோடு போய்ப் பீப்பாய்க்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டுக் குனிந்து உட்கார்ந்தாள்.

நான் இடது இருக்கையில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். டிரம்மின் விளிம்பைத் தாண்டி அம்மாவின் முழங்கையும் துடைப்பமும் தெரிந்தன. அப்பா இடது பக்கம் வரவில்லை. காரைச் சுற்றிப் போய் வலது கதவைத் திறந்தார். அந்தக் காரின் வலது இருக்கையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தலையை அசைக்காமல் முன்னால் பார்த்தார்.

"தெரியறனா?" என்று அம்மா கத்தினாள்.

அப்பா கழுத்தை நீட்டாமல் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல" என்றார்.

"அப்ப எழுந்துக்கலாமா?"

"இரு" என்றார் அப்பா. "இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே இரு."